நாடகப் பிரதி வாசிப்புச் சேவைகள்: எந்தக் குறிப்புக்குக் காசு கொடுக்கலாம்?

எழுதி முடித்த நாடகத்தை அனுப்பினால் படித்துப் பார்த்து, பாத்திரங்கள் காலூன்றி நிற்கின்றனவா, அடுத்து என்ன ஆகுமோ என்ற இறுக்கம் எங்கே கழன்றுபோகிறது என்று குறிப்பு எழுதித் தரும் கட்டணச் சேவைகள் இணையத்தில் நிறையவே இருக்கின்றன. தனியாளாகச் செய்கிறவர்கள், குழுவாகச் செய்கிறவர்கள், நாடகப் போட்டி நடத்திக்கொண்டே இதையும் சேர்த்து விற்கிறவர்கள் என்று பல தினுசு. இங்கே மதிப்பிடுவது எந்த ஒரு நிறுவனத்தையும் அல்ல, இந்தச் சேவை வகையை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு மூன்று பக்க ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். ஓரக்குறிப்புகளோடு ஒரு மணிநேரம் பேசவும் தயாராக இருப்பவரிடம் போங்கள். நடிகர்களை வைத்து வாசித்துக் காட்டும் சேவை நல்லதுதான், ஆனால் முதல் டிராஃப்டுக்கு அது வேண்டாம்.

இந்த வேலை புதிதல்ல. 1767இல் ஹாம்பர்க் தேசிய நாடக அரங்கம் ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங்கை அழைத்துவந்து, தன் நாடகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுத வைத்தது. அரங்கத்துக்குள்ளிருந்தே பிரதிகளைப் படித்து ஆலோசனை சொல்லும் டிராமாடர்க் என்ற பதவியின் தொடக்கம் அதுதான். லண்டனில் நேஷனல் தியேட்டர் 1963இல் தொடங்கியபோது நாடக விமர்சகர் கென்னத் டைனன் இலக்கிய மேலாளராகச் சேர்ந்தார். இப்படிப்பட்டவர்கள் அரங்கத்துக்குள்ளேயே இருந்தவர்கள். நடிகர் எந்த வரியில் தடுமாறுகிறார், பார்வையாளர் எந்த இடத்தில் நெளிகிறார் என்று கண்ணால் பார்த்தவர்கள். இணையத்தில் காசு வாங்கிப் படிக்கிறவருக்குக் கிடைப்பது காகிதம் மட்டும். ஆகவே காகிதத்திலிருந்து மேடையைப் பார்க்கத் தெரிந்தவரா என்பதுதான் முதல் கேள்வி. நாவலும் சிறுகதையும் நன்றாகத் திருத்துகிறவர்கள் பலர் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். பாத்திரத்தின் மனதுக்குள் போக வழியில்லை என்பதை ஒரு குறையாக எழுதி அனுப்புவார்கள். நாடகத்தில் மனது என்பது செயலாகவும் பேச்சாகவும் வெளியே வந்தால்தான் உண்டு.

விற்கப்படும் சரக்கு நான்கு விதம். முதலாவது, கதைச்சுருக்கம், மதிப்பெண் அட்டவணை, ஒரு பக்கக் கருத்து அடங்கிய சின்ன ரிப்போர்ட். இது சினிமாத் துறையிலிருந்து வந்த வடிவம். எதை நிராகரிக்கலாம் என்று தயாரிப்பாளருக்குச் சொல்ல உருவானது, எழுதுகிறவருக்காக உருவானதல்ல. 'பாத்திரங்கள் 6/10, இறுக்கம் 5/10' என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்த வசனத்தையும் திருத்த முடியாது. இரண்டாவது, பிரதியின் ஓரத்திலேயே வரிவரியாகக் குறிப்பு. மூன்றாவது, வீடியோ அழைப்பில் நேர்ப்பேச்சு. நான்காவது, நடிகர் வாசிப்பு. மென்பொருள் தானாகத் தயாரித்துத் தரும் அறிக்கைகளும் இப்போது உண்டு. யாருக்கு எத்தனை வரி, யார் எத்தனை காட்சியில் இல்லை என்று எண்ணிச் சொல்ல அவை உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது பக்க எண்

நல்ல வாசிப்பாளரை இனம் காண ஒரே ஒரு சோதனை போதும். ஒரு பிரச்சினைக்கு அவர் இரண்டு பக்க எண் தருகிறாரா?

'40ஆம் பக்கத்துக்குப் பிறகு தொய்வு' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்ல வைத்தியர் எதற்கு? சலிப்புத் தட்டும் பக்கமும் பிழை இருக்கும் பக்கமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பிழை பெரும்பாலும் பத்து இருபது பக்கம் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். காசுக்குத் தகுந்த குறிப்பு இப்படி இருக்கும்: '40இல் தொய்கிறது. காரணம் 22இல் இருக்கிறது. அங்கே அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அதன் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. 23இலிருந்து 40 வரை நடப்பதெல்லாம் அவளைச் சுற்றி நடக்கிறதே ஒழிய, அவளால் நடப்பதில்லை.' இதைப் படித்தவர் 40ஐத் தொடவே மாட்டார். 22ஐத் திறந்து, கிடைத்ததைப் பாதியாகக் குறைப்பார், அல்லது அதற்கு ஒரு விலை வைப்பார்.

சின்ன ரிப்போர்ட்டுகள் இங்கே செய்யும் கெடுதல் நிஜமானது. 40இல் தொய்வு என்று படித்த எழுத்தாளர் 40இலேயே ஒரு விபத்தையோ, ஒரு போன் அழைப்பையோ, பழைய காதலியையோ கொண்டுவந்து நுழைக்கிறார். தொய்வு ஐந்து பக்கம் தள்ளிப்போகிறது. நாடகம் நீளமாகிறது.

இறுக்கம் என்பது தெரியாததை ஒளித்து வைப்பது என்று நம்பும் வாசிப்பாளர்களும் நிறைய. 'ரகசியத்தைக் கடைசி வரை காப்பாற்றுங்கள்' என்பது அவர்கள் எல்லோருக்கும் எழுதும் குறிப்பு. இப்சனின் 'பொம்மை வீடு' (1879) இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டது. நோரா ரகசியமாகக் கடன் வாங்கியது முதல் அங்கத்தின் நடுவிலேயே தெரிந்துவிடும். அவளே தோழியிடம் பெருமையாகச் சொல்கிறாள். கடன் பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டாள் என்பதும் அதே அங்கத்தில் வந்துவிடும்: கையெழுத்துக்குக் கீழே உள்ள தேதி, அப்பா இறந்து மூன்று நாள் கழித்து வருகிறது. இரண்டாம் அங்கத்தில், எல்லாவற்றையும் போட்டு உடைத்துக் கடன் கொடுத்தவன் எழுதிய கடிதம் தபால் பெட்டிக்குள் விழுகிறது. பெட்டியின் சாவி கணவனிடம் மட்டும். மூன்றாம் அங்கத்தில்தான் அவன் படிக்கிறான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். எப்போது திறப்பான், அதுவரை இவள் என்னென்ன செய்வாள் என்பதுதான் அந்த இடைவெளி முழுக்க ஓடுகிறது. அவனைப் பெட்டிப் பக்கம் போகவிடாமல் தடுக்க அவள் நடனம் ஆடிப் பழகுகிறாள். பாத்திரமும் இறுக்கமும் ஒரே செயலில் வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்கி எழுதப்பட்ட ரிப்போர்ட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

'பாத்திரத்துக்கு ஆழம் போதவில்லை'

இதைவிட மலிவான வாக்கியம் இந்தத் தொழிலில் கிடையாது. பின்னாலேயே ஒரு மருந்துச் சீட்டும் வரும்: 'அவளுக்கு ஒரு கடந்தகாலம் கொடுங்கள்.' எழுத்தாளரும் சிறுவயதில் தீப்பிடித்த வீடு, ஓடிப்போன அப்பா என்று ஒன்றரைப் பக்கத் தனிமொழியைச் சேர்ப்பார். அதற்குப் பிறகும் ஆழம் வராது. மேடையில் இருப்பவருக்கு முன்பு நேர்ந்ததைக் கேட்டு நாம் அவரை அறிவதில்லை. இரண்டு பக்கமும் இழப்பு இருக்கும்போது எதை விடுகிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்துத்தான் அறிகிறோம். குணம் என்பது தேர்வில் வெளிப்படுவது என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொன்னதை மிஞ்சி யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

நோராவையே பாருங்கள். நாடகம் தொடங்கிய சில நிமிடங்களில் அவள் பையிலிருந்து மாக்கரூன் இனிப்பை எடுத்துத் தின்கிறாள், வாயைத் துடைத்துக்கொள்கிறாள், கணவன் கேட்டதும் தின்னவே இல்லை என்கிறாள். கொஞ்ச நேரத்தில் குடும்ப நண்பர் டாக்டர் ராங்குக்கு அதே மாக்கரூனைக் கொடுக்கும்போது, இது தோழி வாங்கிவந்தது என்கிறாள். மூன்றாம் அங்கத்தில் தபால் பெட்டியின் பூட்டில் ஒடிந்த கொண்டை ஊசி ஒன்று அகப்படுகிறது. பிள்ளைகள் வேலையாக இருக்கும் என்கிறாள். மூன்றும் ஒரே அச்சில் வார்த்த பொய்: மாட்டிக்கொள்ளும் கணத்தில் இல்லவே இல்லை என்பது, அல்லது பக்கத்தில் இருக்கும் யார் மேலாவது மெல்லத் தள்ளிவிடுவது. தின்பண்டத்தில் தொடங்கிய பழக்கம் கள்ளக் கையெழுத்து வரை போயிருக்கிறது என்று யாரும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை. அளவு மட்டும் மாறுகிறது, செயலின் வடிவம் மாறவில்லை. நல்ல ஓரக்குறிப்பு இந்த மாதிரிக் கோர்வையைத்தான் தேடும்: 'முதல் காட்சியில் இவர் செய்யும் சின்ன விஷயம் எது? அதே விஷயம் பெரிய விலைக்கு எங்கே திரும்ப வருகிறது?' இரண்டில் ஒன்று இல்லையென்றால் அங்கேதான் ஆழம் போதவில்லை.

பாத்திரம் வருவதற்கு முன்பே அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவது இன்னொரு பழைய கருவி. மோலியேரின் நாடகத்தில் போலிப் பக்தன் தார்த்தூஃப் மூன்றாம் அங்கம் வரை மேடைக்கு வருவதே இல்லை. இரண்டு அங்கம் முழுக்க ஒரு வீடே அவனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறது. வந்ததும் அவன் வாயிலிருந்து விழும் முதல் வாக்கியம், பக்திக்காக உடலை வருத்திக்கொள்ளும் தன் மயிர்ச்சட்டையையும் சாட்டையையும் எடுத்து வைக்கச் சொல்லி வேலையாளுக்கு இடும் கட்டளை. அதையும் பணிப்பெண் அங்கே நிற்பதைக் கண்ட பிறகுதான் சொல்கிறான். பக்தி பார்வையாளருக்காக நடிக்கப்படுவது என்பது அந்த ஒரு மேடைக் குறிப்பில் முடிந்துவிட்டது. வாசிப்பாளர் உங்கள் மேடைக் குறிப்புகளையும் படித்துக் கருத்துச் சொல்கிறாரா என்று மாதிரி ரிப்போர்ட் கேட்டுப் பாருங்கள். வசனத்தை மட்டும் படித்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓரக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும்

ஒரு சிறு பகுதியை வைத்துப் பார்க்கலாம். அனுப்பப்பட்ட பிரதியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

அக்கா: அப்பா போய் மூணு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள வீட்ட விக்கணும்னு நிக்கிறியே தம்பி, எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல.
தம்பி: எனக்கு இருக்கிற கடன் உனக்குத் தெரியாதாக்கா? வேற வழி இல்ல.
அக்கா: இந்த வீட்லதான நாம பொறந்து வளர்ந்தோம்!

சுமாரான வாசிப்பாளர் 'வசனம் இயல்பாக இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். பிழை இயல்பில் இல்லை. இப்படிப் பேசுகிறவர்கள் உலகத்தில் உண்டு. மூன்று வரியில் இருவருமே கையில் இருந்த எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டார்கள், நான்காவது வரிக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் பிழை. தவிர, இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை இருவரும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தத் தகவல் பார்வையாளருக்குத்தான் தேவை, இவர்களுக்கு அல்ல. நல்ல வாசிப்பாளர் கேட்கும் கேள்விகள் இவை: இந்த நிமிடம் இவர்கள் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? இவருக்கு அவரிடமிருந்து இப்போது என்ன வேண்டும்? அதை நேராகக் கேட்க விடாமல் எது தடுக்கிறது? இந்தக் கேள்விகளோடு திருத்தினால் இப்படி வரலாம்:

(தம்பி தரையில் குந்தி அளவு டேப்பை இழுக்கிறான். மறுமுனையை நீட்டுகிறான்.)
தம்பி: அந்தப் பக்கம் புடிக்கா.
அக்கா: எதுக்கு?
தம்பி: சும்மா. பெயிண்ட் அடிக்கலாம்னு.
அக்கா: (பிடித்துக்கொள்கிறாள்) பெயிண்டுக்குத் தரைய யாரு அளப்பா?
தம்பி: நல்லா இழுத்துப் புடி.
அக்கா: அப்பா ரூமையும் அளந்துட்டியா?
தம்பி: அது நேத்தே.
(அக்கா முனையை விட்டுவிடுகிறாள். டேப் சுருண்டு ஓடி அவன் விரலில் அடிக்கிறது.)
அக்கா: காப்பி போடவா?

விற்பனை, கடன், துக்கம் என்ற சொற்களே இல்லை. தம்பி பொய் சொல்கிறான், உடனே அகப்பட்டுக்கொள்கிறான், கட்டளைக்குள் ஒளிந்துகொள்கிறான். அக்கா நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கேள்விகளை ஒவ்வொரு படியாக இறுக்குகிறாள். 'அது நேத்தே' என்ற இடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு நாள் முன்பே எல்லாம் நடந்துவிட்டது. டேப்பை விடுவது அவளுடைய பதில். காப்பி அந்தப் பதிலை மூடிவைக்கும் மூடி. அடுத்த காட்சிக்கு நிறைய மிச்சம் இருக்கிறது: யார் வாங்குகிறார், எவ்வளவு கடன், கையெழுத்துக்கு அக்கா வேண்டுமா.

இந்த வழியும் தடம் புரளக்கூடியதுதான். எல்லாவற்றையும் மறைக்கப் பழகிய எழுத்தாளர், இவர்கள் அக்கா தம்பி என்பதையே ஐந்து பக்கம் தெரியவிடாமல் அடிப்பார். உறவு, இடம், நேரம் போன்ற தகவல்களைச் சீக்கிரமாகவும் மலிவாகவும் கொடுத்துவிட வேண்டும். ஒளிக்க வேண்டியது ஆசையையும் அவமானத்தையும். 'உள்ளர்த்தம் கூடுதலாக வேண்டும்' என்று மட்டும் எழுதும் ரிப்போர்ட், எதை ஒளிப்பது எதை ஒளிக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் பிரதியைக் கெடுத்துவிடும்.

சொல்லாமல் விடுவதன் உச்சத்துக்குச் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நான்காம் அங்கம் போதும். வியாபாரி லோபாகின், அந்த வீட்டு வளர்ப்பு மகள் வார்யாவிடம் கல்யாணம் பேச வேண்டும். அதற்கென்றே இருவரையும் தனியே விட்டுவிடுகிறார்கள். அவள் சாமான்களுக்குள் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்கிறாள். அவன் வானிலையைப் பேசுகிறான், மூன்று டிகிரி உறைபனி என்கிறான். பார்க்கவில்லை, எங்கள் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது என்கிறாள் அவள். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அதற்காகவே காத்திருந்தவன்போல் ஓடிவிடுகிறான். இந்தக் காட்சியை மதிப்பெண் அட்டவணைக்காரரிடம் அனுப்பினால் 'கல்யாணப் பேச்சு முழுமை பெறவில்லை' என்று திரும்பி வரும்.

பேச்சை இன்னொருவர் ஒட்டுக் கேட்கும்போது அதே வார்த்தைக்கு இரட்டை எடை வந்துவிடும். சங்க அகப்பாடல்களின் துறைக்குறிப்பில் 'தலைவன் சிறைப்புறமாகத் தோழி சொல்லியது' என்று அடிக்கடி வருமே, அது முழு மேடை உத்தி. பேச்சு தலைவியை நோக்கி, இலக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவன். தொய்ந்த இருவர் காட்சிக்கு 'மூன்றாமவர் ஒருவரைக் காதுக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், வசனத்தில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்' என்று ஆலோசனை சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

மோதல், சண்டை, குரல்

'மோதல் போதவில்லை' என்ற குறிப்பு வந்தால் எழுத்தாளர் கத்தும் காட்சி எழுதுகிறார். கத்தத் தொடங்கியவரிடம் வேறு ஆயுதம் இல்லை என்று அர்த்தம். கேட்டுப் பார்ப்பது, கேலி செய்வது, குற்ற உணர்வைத் தூண்டுவது, ஆசை காட்டுவது, மிரட்டுவது, கடைசியில் பேசாமல் இருந்துவிடுவது என்று உபாயங்கள் பல. சாமம், தானம், பேதம், தண்டம் என்று அரசியலுக்குச் சொன்ன வரிசை காட்சிக்கும் பொருந்தும். இரண்டாம் பக்கத்திலேயே மிரட்டலுக்குப் போய்விட்டால் எட்டாம் பக்கம் வரை அதையே உரக்கச் சொல்ல வேண்டியதுதான். நல்ல வாசிப்பாளர் ஓரத்தில் இந்த உபாயங்களின் பெயரை எழுதிக்கொண்டே போவார். ஒரே சொல் மூன்று பக்கம் தொடர்ந்து வந்தால் அதுவே நோய்க்குறி. இருவரில் ஒருவர் ஏன் கதவைத் திறந்துகொண்டு போய்விடவில்லை என்ற கேள்வியும் அவருக்கு வரவேண்டும். பதில் இல்லாத காட்சியில் எவ்வளவு கத்தினாலும் இறுக்கம் வராது.

பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்தால் யார் பேசுவது என்று தெரியவேண்டும் என்பார்கள். இந்தச் சோதனைக்கு அளவுக்கு மீறிய மதிப்பு கொடுக்கப்படுகிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். இதை நம்பி ஒருவருக்குத் திக்குவாயும் இன்னொருவருக்குப் பழமொழியும் ஒட்டவைப்பதால் பாத்திரம் உருவாகிவிடாது. மேலே உள்ள காட்சியில் அக்காவும் தம்பியும் ஒரே மொழி பேசுகிறார்கள். ஆனால் அவன் கட்டளையிடுகிறான், அவள் கேள்வி கேட்கிறாள். வேறுபாடு அங்கே இருக்க வேண்டும்.

முதல் வரியைப் பற்றிப் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் 'ஈர்ப்பாகத் தொடங்குங்கள்' என்பதோடு நின்றுவிடும். 'ஹாம்லெட்' தொடங்கும்போது காவலில் நிற்பவன் பிரான்சிஸ்கோ. ஆனால் 'யாரங்கே?' என்று கேட்பது மாற்றுக் காவலுக்கு வரும் பெர்னார்டோ. கேட்க வேண்டியவனை விட்டுவிட்டு வருகிறவன் கேட்கிறான். மற்றவன் 'நீ சொல்' என்று திருப்பிக் கேட்கிறான். அந்த நாட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்திருக்கிறது என்பது இரண்டு வரியில் வந்துவிட்டது. ஈர்ப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக இப்படி ஒரு தலைகீழ் வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் அது குறிப்பு.

எதிர்பார்ப்புப் பதிவு

இந்தச் சேவைகளிலேயே உண்மையில் விலைமதிப்புள்ள ஒன்று உண்டு. ஆனால் கேட்டால்தான் தருவார்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும், அடுத்த பக்கத்தைப் புரட்டும் முன், 'இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்' என்று ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். இது மதிப்பெண்ணைவிட நூறு மடங்கு பயன்படும்.

பதிவு வந்ததும் படிக்கும் முறை இது. எல்லா ஊகமும் பலித்திருந்தால் நாடகம் தண்டவாளத்தில் ஓடுகிறது, திருப்பம் இல்லை. ஒரு ஊகமும் பலிக்கவில்லை என்றால் மகிழ வேண்டாம். காரண காரியம் அறுந்திருக்கலாம், அடுத்தடுத்த காட்சிகள் 'ஆகவே' என்று இல்லாமல் 'பிறகு' என்று மட்டும் இணைந்திருக்கலாம். ஊகம் எழுதும் இடமே காலியாக இருந்தால் மோசம்: யாருக்கும் எதுவும் வேண்டாத காட்சி அது. 'இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம், அப்படி ஆகிவிடக் கூடாதே' என்று இரண்டு எதிரெதிர் ஊகம் வந்த இடத்தில்தான் உங்கள் நாடகம் உயிரோடு இருக்கிறது. அந்தக் காட்சியைத் தொடாதீர்கள்.

நல்ல செய்தி வரும் காட்சிகளில் இந்தப் பதிவு என்ன சொல்கிறது என்று தனியாகப் பாருங்கள். 'ஈடிபஸ்' நாடகத்தில் கொரிந்திலிருந்து வரும் தூதுவன் ஆறுதல் சொல்லத்தான் வாய் திறக்கிறான்: தாய் என்று நீ நினைக்கும் கொரிந்து அரசியை நீ மணந்துவிடுவாயோ என்று பயப்படாதே, அவர்கள் உன்னைப் பெற்றவர்களே அல்ல. அந்த ஆறுதல்தான் அவனை வீழ்த்துகிறது. கெட்ட செய்தியை வரிசையாக அடுக்கும் பிரதிகளைவிட, ஒரே ஒரு நல்ல செய்தி தவறான கையில் விழும் பிரதி அதிகம் இறுகும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலும் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறாள். தன் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். சிலம்பை உடைப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. உடைவது வெறும் நிறைவேற்றம். ஆதாரத்தை முதலில் காட்டிவிட்டுப் பிறகு வாதாடும் நீதிமன்றக் காட்சிகளை நிறையப் பேர் எழுதுகிறார்கள். வரிசையை மாற்றிப் போட்டாலே பாதி சரியாகிவிடும்.

நடிகர் வாசிப்பு

நாற்காலி போட்டு உட்கார்ந்து நடிகர்கள் பிரதியை வாசிக்க, ஒருவர் மேடைக் குறிப்பைப் படிக்க, ஒலிப்பதிவு செய்து தரும் சேவை இது. நாடகத்தின் உண்மையான நீளம் தெரியும், நாக்கில் சிக்கும் வரி தெரியும். எச்சரிக்கை ஒன்று: திறமையான நடிகர் மோசமான வரியைக் காப்பாற்றிவிடுவார். பிரதியில் இல்லாத வலியைத் தன் குரலில் கொண்டுவந்து கொடுப்பார். நீங்கள் எழுதியது வேலை செய்கிறது என்று நம்பி வீடு திரும்புவீர்கள். ஆகவே முன்தயாரிப்பு இல்லாத வாசிப்பை ஒருமுறை கேட்டு வாங்குங்கள். வாசிக்கும்போது கையில் பிரதியை வைத்துக்கொண்டு வரியைப் பின்தொடர வேண்டாம், காதால் மட்டும் கேளுங்கள். சிரிப்பைக் குறிப்பது எல்லோரும் செய்வது. இருமல், நாற்காலி நகரும் சத்தம், பக்கம் புரட்டும் சத்தம் ஒலிப்பதிவில் எங்கே கூடுகின்றன என்று குறியுங்கள். முதல் டிராஃப்டுக்கு இது வேண்டாம் என்பதற்குக் காரணம், கட்டமைப்பே மாறப்போகும் பிரதியில் வாயில் சிக்கும் வரிகளைத் திருத்தி நேரம் போய்விடும்.

அனுப்பும்போது

பக்க எண்ணும் காட்சி எண்ணும் போடுங்கள். இவை இல்லாமல் போனால் மேலே சொன்ன இரண்டு பக்க எண் குறிப்பே சாத்தியமில்லை. பாத்திரப் பட்டியலில் பெயர், வயது, உறவு மட்டும் போதும். 'வெளியே கடுமை, உள்ளே ஈரமனம்' என்று எழுதிவிட்டால் வாசிப்பாளர் அதை நம்பிப் படித்துவிடுவார், பிரதி அதைக் காட்டுகிறதா என்று சோதிக்க மாட்டார். அதே காரணத்துக்காகக் கதைச்சுருக்கமும் அனுப்பாதீர்கள். அவர்கள் படிவத்தில் கேட்டால் முதல் காட்சியை மட்டும் சுருக்கிக் கொடுங்கள். மேடைக் குறிப்பில் 'மௌனம்' என்று எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள் என்று தேடிப் பார்த்து, பாதிக்கு மேல் எடுத்துவிட்டு அனுப்புங்கள். எல்லா இடத்திலும் மௌனம் இருந்தால் எந்த மௌனத்துக்கும் எடை இல்லை.

'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் பாராட்டும் பொதுக்கருத்தும்தான் வரும். எங்கே முதன்முதலாகப் பிரதியைக் கீழே வைத்தீர்கள், யாருடைய பக்கம் இருந்தீர்கள், எந்த இடத்தில் பக்கம் மாறினீர்கள், யார் சொன்னதை நம்பவில்லை என்று கேளுங்கள். இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. மாற்றுவழி சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். தீர்வுகளை அள்ளிக் கொடுக்கும் வாசிப்பாளர் தன் நாடகத்தை உங்கள் பேரில் எழுதுகிறார். அவர் கண்டுபிடித்த இடம் சரியாக இருக்கும், சொன்ன தீர்வு பெரும்பாலும் பொருந்தாது.

திருத்திய பிரதியை அதே ஆள் பாதிக் கட்டணத்தில் மறுபடி படித்துத் தருவதாகப் பல சேவைகள் ஆசை காட்டும். பாத்திரங்களின் கோர்வை சீரானதா என்று பார்க்க அது சரிதான். பழைய பிரதி அவர் நினைவில் இருப்பதால் எது மாறியது என்று துல்லியமாகச் சொல்வார். இறுக்கத்தை அளக்க அவரால் இனி முடியாது. முடிவு தெரிந்தவரின் எதிர்பார்ப்புப் பதிவு செல்லாது. அதற்கு முதல்முறை படிக்கும் வேறொருவருக்கு முழுக் கட்டணமும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.